பதினேழாம் கேள்விக்குப் பரிமளம் சொன்ன பதில்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. செய்த தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வளைந்து நெளிந்து போக வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டு, தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் என்னைக் களப்பணிக்கு எடுத்தது. தோட்ட வாக்காளர்கள் சூரிய மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதற்கு மானியம் தருகிறோம் என்கிற கட்சிக்கு வாக்குப் போடுவார்களா என்று கேட்டு எழுத வேண்டும். நான் சுமித்ரா, ருவான்வெல்லை கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள். தமிழும் சிங்களமும் தெரியும், வெயிலில் நடப்பேன். அது போதும் என்று நாற்பத்திரண்டு கேள்விகள் அடங்கிய படிவக் கட்டைக் கையில் கொடுத்து, ஒரு ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

[தோட்டத்தின் பெயரை எழுதி அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "ரப்பர் மரங்களுக்கிடையே மெல்லிய மூடுபனி தவழ்ந்துகொண்டிருந்த அந்த அதிகாலையில்..." வேண்டாம். நான் போனது மத்தியானம் ஒரு மணிக்கு. வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடுபனி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "பரிமளத்தின் மகள் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் பாடம் படித்துக்கொண்டி

இந்த வாக்கியத்தை இப்படியே அரைகுறையாக விட்டுவைக்கிறேன், எனக்குத் தண்டனையாக இருக்கட்டும். கீழ்ப்பிரிவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பரிமளம் அக்காவுக்கு மகளே கிடையாது. இரண்டு மகன்கள், இருவரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் வாசகருக்கு மனம் இளகும் என்று என் கை தானாகவே ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டது.

அவருக்கு மின்சாரம் வேண்டியது டிவி பார்க்க. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்து அறை; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிவி, அது கார் பேட்டரியில் ஓடும். வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பேட்டரியைச் சாக்கில் சுற்றி, தலையில் வைத்து, மூன்று மைல் நடந்து கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணி வர வேண்டும். விடியற்காலையில் முந்நூறு மரம் பால் வெட்டி, வாளி தூக்கி, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு இந்த நடை. ஒரு தடவை அமிலம் ஒழுகித் தோளில் சேலையோடு சேர்த்துத் தோலும் வெந்துபோனது. அந்தத் தழும்பை நான் பார்த்தேன்.

"டிவிக்குத்தானா?" என்று இழுக்கிறவர்கள், தங்கள் வீட்டு டிவியை ஒரு மாதம் அணைத்து வைத்துவிட்டு என்னோடு பேச வரட்டும்.

3

இனி, நடந்தது.

பரிமளம் அக்கா காம்பரா வாசலில் உட்கார்ந்து, கையில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். பதினாறு கேள்விகள் ஓடிவிட்டன. பதினேழாவது: "உங்கள் கூரையில் சூரியத் தகடு பொருத்துவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2. கருத்து இல்லை என்றால் 9.

உரிப்பதை நிறுத்தினார்.

"யாரு கூரையில மிஸ்?"

"உங்க கூரையிலதான் அக்கா."

"இது எங்க கூரைன்னு யாரு சொன்னது? ஒழுகுனா தகரம் மாத்த ஆப்பீசுக்குத்தான் எழுதிப் போடணும். எழுதிப் போட்டு ரெண்டு வருசமாச்சு, இன்னும் சட்டிதான் வச்சிருக்கேன். கூரை கம்பெனியோடது. நாங்க அதுக்குக் கீழ இருக்கோம், அவ்வளவுதான்."

"சரிக்கா, ஆனா தகடு போட்டா உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காம என்ன? நாளைக்கே போடுங்க. ஆனா மொதல்ல கூரைய எங்க பேருக்குத் தரச் சொல்லுங்க, இல்லாட்டி கம்பெனிகிட்ட கடுதாசி வாங்கித் தாங்க. அதச் செய்யிற ஆளுக்கு எங்க லயத்துல இருவத்தெட்டு ஓட்டு இருக்கு. நான் பேசி வாங்கித் தாறேன். இத எழுதிக்கிங்க."

எழுத இடமில்லை. மூன்று சின்னக் கட்டங்கள்தான் இருந்தன. அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன். அடுத்த காம்பராவில் சுப்பம்மாவும் வார்த்தை மாறாமல் அதையே கேட்டார். அதற்கடுத்தவரும்தான். கீழ்ப்பிரிவு முழுவதும் நான் பார்த்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் என்னிடம் திருப்பிக் கேட்டார்கள்: யாரு கூரை?

4

அன்று பின்னேரம் கடைத்தெருவிலிருந்து மேற்பார்வையாளர் நிரஞ்சனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க, ஆனா..."

"ஆனான்னா அது ஆம் இல்ல. ஒன்பது போட்டுட்டு அடுத்த டிவிஷனுக்குப் போங்க."

நிரஞ்சனைக் கதையின் வில்லனாக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். பிறகு கிழித்துப்போட்டேன். அவர் சொன்னார், சரி. முப்பத்தெட்டுத் தடவை பேனாவை எடுத்து ஒன்பது என்று எழுதியது யார்? படிவத்தின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருந்தது. அதில் இரண்டு வரி எழுத எனக்கு என்ன கேடு? எனக்குக் கால் வலித்தது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று. வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

5

அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. "தோட்டத் தமிழ் வாக்காளரில் மிகப் பெரும்பாலோருக்குச் சூரிய மின்சாரம் குறித்துக் கருத்து இல்லை." இரண்டு வருடம் கழித்து மானியத் திட்டம் வந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத் தகடு கிடைத்தது. தோட்டங்களை விட்டுவிட்டார்கள். கேட்டதற்கு அறிக்கையைக் காட்டினார்கள்: ஆர்வம் இல்லாதவர்களுக்கு எதற்கு?

பரிமளம் அக்காவின் மகன்கள் கொழும்பிலிருந்து சின்னத் தகடு ஒன்றை வாங்கி வந்து, கூரையில் கம்பியால் கட்டினார்கள். மூன்றாம் நாள் ஆப்பீசிலிருந்து கடிதம் வந்தது: கூரை கம்பெனியின் சொத்து, அதில் எதையும் பொருத்தக்கூடாது.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தோட்ட மேலாளரான துரையிடம் போனார்.

"எங்க கூரை மேல பூசணிக்கொடி ஏறி ஏழு காய் காய்ச்சிருக்குங்க தொர. அதுக்கு நீங்க கடுதாசி போடலையே?"

துரை சிரித்தாராம். சிரித்துவிட்டு, கழற்றத்தான் வேண்டும் என்றாராம். கழற்றினார்கள்.

மறுநாளிலிருந்து அக்கா தகட்டை வாசலில் பாய் விரித்து, வற்றல் மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தார். தோட்டத்தில் வேலை ஏவுகிற கணக்கப்பிள்ளை வந்து இது என்ன என்று கேட்டார்.

"காயப் போட்டிருக்கேங்க. காயப் போடக்கூடாதுன்னு கடுதாசியில இல்லையே."

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு நறுக்கென்று ஒருவர் பேசுவாரா, நான்தான் மெருகு போடுகிறேனா? கணக்கப்பிள்ளையிடமே விசாரித்தேன். "அப்படித்தான் சொன்னா, பக்கத்துல நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். இன்னும் கோபமாகத்தான் இருந்தார்.]

ஆனால் வாசலில் ரப்பர் மர நிழல். வெயில் இரண்டு மணி நேரம் விழுந்தால் அதிகம். மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, ஆட்களோ மலையில் வேலையில் இருப்பார்கள். ஒரு பல்புக்கு மேல் எரியவில்லை. பேட்டரி மறுபடி தலைக்கு ஏறியது.

6

இது 2009. மானியத் திட்டத்தின் இரண்டாம் பட்டியல் தயாராகிறது. இந்தத் தடவை பட்டியலில் ஏறும் லயங்களுக்குத் திட்ட அலுவலகமே கம்பெனியிடம் கூரை அனுமதி வாங்கித் தரும். அக்கா கேட்ட அதே கடிதம்தான். பட்டியலை முடிவு செய்ய வியாழக்கிழமை அங்கே கூட்டம். கீழ்ப்பிரிவு மூன்று மனுப் போட்டது. மூன்றுக்கும் பதில், பழைய அறிக்கையின் அதே வரி.

போன மாதம் அக்கா என்னைத் தேடிக் கடைக்கே வந்தார்.

"நாங்க சிங்களத்துலயே பேசிப் பாத்துட்டோம் மிஸ். நீங்க இப்ப சொல்றீங்க, அப்ப கருத்து இல்லன்னுதானே சொன்னீங்கன்னு கேக்குறாங்க. நாங்க அப்படிச் சொல்லலன்னு உங்களுக்குத்தான் தெரியும். வந்து சொல்லுங்க."

அந்த நிறுவனத்தில் இப்போது நானே மேற்பார்வையாளர். வீட்டில் ஒரே சம்பளம் என்னுடையது; அப்பா போன பிறகு கடை பெயருக்குத்தான் திறந்திருக்கிறது. பதில்களைப் பொய்யாக எழுதினேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. கதை எழுத உட்கார்ந்தேன்.

7

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) துரை மனம் மாறி, தானே ஏணி பிடிக்கிறார்.

(ஆ) லயத்துப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து கூரையை வெல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவுக்குப் போய், எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"தொர ஏணி பிடிக்கிறதெல்லாம் நடக்காது. நாங்க ஸ்ட்ரைக் பண்ணுனா பேருதான் வெட்டுவாங்க, அன்னைக்குக் கூலி போயிரும்." என் கையிலிருந்த தாள்களைக் காட்டினார். "ரெண்டு முடிவுலயும் நீங்க எங்க மிஸ்?"

"பேர மாத்திப் போடவா அக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"வேணாம், பரிமளம்னே போடுங்க. மொத தடவ பேரு இல்லாமத்தானே எழுதுனீங்க. தோட்டத்துப் பேரு மட்டும் வேணாம், மத்தவங்களுக்கு வேல போயிரும்."

அங்கேயே, அந்த வாசலிலேயே, கூட்டத்தில் பேச வேண்டியதைச் சிங்களத்தில் எழுதினேன். "கணக்கெடுப்பில் சில குறைபாடுகள் நேர்ந்துள்ளன" என்ற பொருளில் ஆரம்பித்து வாசித்தேன். அக்கா தலையாட்டினார், இல்லை என்று.

"அது யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. நீங்க செஞ்சீங்கன்னு சொல்லுங்க. நாங்க என்ன சொன்னோம்னும் சொல்லுங்க."

திருத்தினேன். நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தில் என் பெயர் இருக்கிறது.

8

இன்று புதன்கிழமை. நாளை எட்டரை பஸ்ஸுக்கு அக்காவும் சுப்பம்மாவும் இன்னும் நான்கு பேரும் அரைநாள் பேரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டுவிட்டு வருகிறார்கள். என் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறார். என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தாள்களை இன்று மாலையே ஒரு பத்திரிகைக்குத் தபாலில் போட்டுவிடுவேன். பின்வாங்க எனக்கு ஒரு வழி இருக்கக்கூடாது. வேலை போனால் போகட்டும், மறுபடி கடையில் நின்று துணி கிழித்துக்கொடுப்பேன். அதற்குக் கை மறக்கவில்லை. பயமில்லை என்று சொல்லமாட்டேன். பயந்துகொண்டே போவேன்.

முடிவை எழுதி இணைக்கவில்லை. கூட்டம் சிங்களத்தில் நடக்கும், கதையின் முடிவும் அந்த அறையில், அந்த மொழியில் நடக்க வேண்டியது. தமிழில் இங்கே நான் எவ்வளவு வீரமாக எழுதினாலும் ஒரு லயமும் பட்டியலில் ஏறாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். நான் எழுந்து நின்றேனா, நான்கு வாக்கியத்தையும் சொன்னேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் கை என்ன எழுதக்கூடியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ருவான்வெல்லைக்கு வந்து, பால் வெட்டுகிற பரிமளம் என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள். அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்து கேளுங்கள்.