கொடி நட்ட காலை

கிறிஸ்துமஸுக்கு என் கணவன் டேரிலின் வீட்டார் எல்லோரும் கடலோர வீட்டில்தான் கூடுவார்கள். கடல் என்றால், குழந்தைகள் கால் நனைத்து விளையாடுகிற சாதுவான கடல் இல்லை. மேற்குக் கரை. மணல் கறுப்பு, உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் வெந்துபோகும். அலைகள் நம்மேல் ஏதோ பழைய கோபம் வைத்திருப்பதுபோல வந்து விழும். அந்தக் கடலுக்கு நேர் எதிரே ஆறு வயது மகள் பிரைடியையும் நாலு வயது மகன் ஓட்டிஸையும் வைத்துக்கொண்டு நான் ஓய்வெடுக்க வேண்டுமாம். ஓய்வு!

வந்த நாளிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன், வாசலில் நின்று இரண்டு தலைகளையும் தேடுவேன், மறுபடி உள்ளே போவேன். டேரில் இந்த மணலில் புரண்டு வளர்ந்தவன். அவனுக்குக் கடல் பக்கத்து வீட்டு நாய் மாதிரி. குரைக்கும், கடிக்காது என்பான். எனக்கு அதன் பல்தான் தெரிந்தது.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன். உங்களப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்பான் டேரிலின் தம்பி ரீகன், மடக்கு நாற்காலியில் பியரோடு சாய்ந்தபடி.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் உக்காந்திருக்கியே."

"கடல் எங்கயும் ஓடிடாது அண்ணி."

"கடல் ஓடாது. பிள்ளைங்க ஓடும்."

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. உயிர்காப்பாளர்கள் தினமும் கரையில் இரண்டு கொடிகள் நடுவார்கள், ஒவ்வொன்றிலும் மேலே சிவப்பு, கீழே மஞ்சள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும்தான் குளிக்கலாம். பல் தேய்க்கும்போதுகூட அதையே ஓதிக்கொண்டிருந்தேன்.

"கொடி இல்லன்னா?"

"தண்ணி இல்ல!" இரண்டு பேரும் கத்துவார்கள்.

"தண்ணி இழுத்துட்டுப் போனா?"

"நீந்தக் கூடாது. மல்லாந்து மிதக்கணும். கையத் தூக்கணும்" என்பாள் பிரைடி. ஓட்டிஸ் கையோடு காலையும் தூக்கிப் பின்னால் விழுவான்.

கொடி ஏறி, அவற்றின் நடுவே அவர்களை விட்ட பிறகுதான் நான் மணலில் குந்தி ஒரு வாய் டீ குடிப்பேன். "கொடி ஏறிடுச்சு, அண்ணி இறங்கிட்டாங்க" என்று ரீகன் ஊருக்கே அறிவிப்பான்.

கிறிஸ்துமஸ் அன்று விடியும் முன்பே பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நாங்கள் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் பரிசுக் காகிதம் வீடெல்லாம் பறந்தது. அடுத்து, கடல்.

"கொடி வரட்டும்" என்றேன்.

"எப்ப வரும்?"

"இன்னிக்குப் பண்டிகைடி. அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே? மெதுவாத்தான் வருவாங்க."

ஓட்டிஸ் தரையில் விழுந்து அழுதான். பிரைடி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பிரைடியைக் கண்டு நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால், பூத்துக் கொட்டிக்கிடந்த பொஹுட்டுகாவா மரத்தடியில், அண்ணனும் தம்பியும் பிள்ளைகளுக்குப் பரிசாக வந்த குதிமேடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். செய்முறைத் தாளைப் பிரித்துப் பார்ப்பது இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு மானக்கேடு. பிள்ளைகளும் அவர்களோடுதான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அடுப்பில் பன்றித்தொடை, தொட்டியில் தேய்க்க வேண்டிய புது உருளைக்கிழங்கு, நடுவில் பிளந்துபோன பாவ்லோவா கேக். அந்தப் பிளவைக் கிரீம் பூசி மறைக்கும்போது ஜன்னலில் தற்செயலாகப் பார்த்தேன்.

கரையில் இரண்டு கொடிகள். சிவப்பும் மஞ்சளும் காற்றில் படபடத்தன.

அப்பாடா. சீக்கிரமே வந்துவிட்டார்கள், புண்ணியவான்கள். நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. கிரீம் கரண்டியை வைத்துவிட்டு டீ ஊற்றினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலை நீட்டினேன்கூட. அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

பாதிக் கோப்பையில்தான் உறுத்தியது. கொடிகள் ஏன் தெற்கே, பாறையோரம் நிற்கின்றன? அங்கே அலையே உடையாது. தண்ணீர் சமர்த்தாக, வழவழவென்று கிடக்கும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். உள்ளூர்க்காரன் போக மாட்டான். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போகிற பள்ளம் அது. புத்தியுள்ள எவனும் அங்கே கொடி நட மாட்டான்.

எழுந்து ஜன்னலருகே போனேன். ஒரு கொடிக்குக் கை இருந்தது. மஞ்சள் மழைக்கோட்டின் கை. மேலே தொங்கிய சிவப்பு, எங்கள் பண்டிகை மேசைவிரிப்பில் பாதி. கம்பங்கள், ரீகனின் இரண்டு நீளத் தூண்டில்கள்.

"டேரில்!" என்று அலறியது நினைவிருக்கிறது. மணலில் ஓடியது நினைவில்லை.

ஓட்டிஸ் முழங்கால் ஆழத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனை வாரி இடுப்பில் வைத்தேன். காலடி மணல் உருவிக்கொண்டு ஓடியது. பிரைடி எங்கே? தள்ளி, நான் நினைத்ததைவிட வெகுதூரம் தள்ளி, ஒரு சின்னத் தலை. மல்லாந்திருந்தாள். ஒரு கை வானத்தைப் பார்த்து நின்றது.

இவனை வைத்துக்கொண்டு போனால் மூன்று பேரும் போய்விடுவோம். இவனை இறக்கினால் இவன் போய்விடுவான். நான் நின்றேன். பெற்றவள், என் பிள்ளை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கடவுளும் யோசித்திருக்க முடியாது.

"மிதடி! நீந்தாத! அம்மா இங்கதான் இருக்கேன்! மிதந்துக்கிட்டே இரு!"

அலைச்சறுக்குப் பலகையோடு டேரில் என்னைத் தாண்டித் தண்ணீரில் பாய்ந்தான். இழுப்போடு போனான், எதிர்த்துப் போகவில்லை. பிடித்தான். பலகையில் போட்டான். நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில் துழாவி, அலை உடைகிற இடத்துக்குக் கொண்டுபோனான். நான் இத்தனை நாள் சபித்த அந்த அலைகளில் ஒன்றுதான் இருவரையும் கரையில் கொண்டுவந்து போட்டது.

பிரைடி கடல்நீரைக் கக்கினாள். டேரில் மணலில் மண்டியிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. ரீகன் ஓட்டிஸை என்னிடமிருந்து வாங்கித் தூக்கி வைத்துக்கொண்டான்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எதுக்குடி? கொடி வரட்டும்னு சொன்னேனா இல்லையா? ஒரு நாள் குளிக்காட்டி செத்தா போயிடுவ?"

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது.

"குளிக்க மட்டும் இல்லம்மா."

"பின்ன?"

"கொடி இருந்தாதானே நீ உக்காருவ? இன்னிக்கு கிறிஸ்துமஸ்ல. நீயும் உக்காரணும்னுதான்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் வயிற்றில் முகம் புதைத்தவள், தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உக்காந்தியாம்மா?"

"உக்காந்தேன்டி" என்றேன்.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.