சம்பந்தி மூன்று முறை திறந்த புகார்

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஷெல்காரர், அவர் மனைவி, மகள், மகளின் மாமனாரான சம்பந்தி. மாப்பிள்ளையும் இருந்ததாகச் சிலர் சொல்வார்கள். அவர் கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கடைசிவரை கிடைக்கவில்லை.

ஷெல்காரர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. கணினியில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அப்படி ஒன்றை முப்பது வருடத்துக்கு முன் தனி ஆளாக எழுதியவர் அவர். பிழை கண்டவர்கள் பொதுவில் புகார் எழுதுவார்கள். அவர் தன் கணினியில் சோதிப்பார். உண்டென்றால் திருத்துவார், இல்லையென்றால் மூடுவார். அவர் மூடியதை யாரும் மறுபடி திறந்ததில்லை. குடும்பத்தின் மானமே அதில்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

சம்பந்தி ஒரே மாதத்தில் மூன்று முறை திறந்தார்.

அவர் வானிலை நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மழையைக்கூட அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கடவுச்சொல் தட்டும்போது எழுத்து திரையில் தெரியாது, அது வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் வேலையை நடுவில் நிறுத்தினால், பிறகு எதைத் தட்டினாலும் தெரிவதில்லை என்பது அவர் புகார். ஷெல்காரர் மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது முறை மூடும்போது, கண் மருத்துவரைப் பார்ப்பது நலம் என்று ஒரு வரி சேர்த்தார். ஊர் உலகம் படிக்கும் இடத்தில், பெண் கொடுத்த வீட்டுக்கு.

அதனால் சம்பந்தி புகாரை மூன்றாவது முறையும் திறந்துவிட்டு, தன் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். பையில் கண் மருத்துவரின் சீட்டும் இருந்தது. பார்வையில் குறையில்லை என்று அதில் எழுதியிருந்தது.

முதலில் ஷெல்காரரின் கணினியில் சோதித்தார்கள். எழுத்து தெரிந்தது. பிறகு சம்பந்தியின் கணினியில். தெரியவில்லை.

"கோணல் உங்க மிஷின்ல இருக்கு, சம்பந்தி," என்றார் ஷெல்காரர், முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்து.

சம்பந்தி மருமகளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் உப்பைத் தின்றவள் அவள். அப்பாவின் கணினியிலேயே புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதில் சோதித்தாள். எழுத்து தெரியவில்லை. அதே கணினி, அதே ஷெல்.

"அப்பா, உங்க கணக்குல மட்டும் வேற ஏதோ ஓடுது," என்றவள், ஷெல் தொடங்கும்போதெல்லாம் முதலில் படிக்கும் அவருடைய சொந்தக் கோப்பைத் திறந்தாள். அவர் தடுக்க எழுந்தபோது அவள் பாதிக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரி ஒன்று அங்கே இருந்தது. அதன் மேல் அவரே எழுதிய குறிப்பு: 'கடவுச்சொல் நடுவில் நிறுத்தினால் எழுத்து மறைகிறது. தற்காலிக ஏற்பாடு. நாளை ஷெல்லில் சரிசெய்ய வேண்டும்.' தேதி இருபத்திரண்டு வருடம் பழையது.

"நாளைக்கா?" என்றாள் மனைவி. "அலமாரிக் கதவுக்கும் இவங்க இதே நாளைதான் சொன்னாங்க."

ஷெல்காரர் அசரவில்லை. ஒவ்வொரு பதிப்போடும் பிழை கண்டவர் பெயரை வெளியிட வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அந்தக் குறிப்பைச் சுட்டிக்காட்டி, முதலில் கண்டது தாம்தான், ஆகவே தம் பெயரே போக வேண்டும் என்றார்.

"தாராளமா போடுங்க," என்றார் சம்பந்தி. "தேதியையும் சேத்துப் போட்டுடுங்க."

தேதியோடு போட்டால், இருபத்திரண்டு வருடம் தெரிந்தே மூடிவைத்தவர் என்று ஆகும். போடாவிட்டால், தம் ஷெல்லின் பிழையைச் சம்பந்தி சொல்லித் தெரிந்துகொண்டவர் என்று ஆகும். ஷெல்காரர் மகளை எழுந்திருக்கச் சொல்லி நாற்காலியில் அமர்ந்தார். அந்தப் பழைய வரியை அழித்தார். கடவுச்சொல் கேட்கவைத்து, நடுவில் நிறுத்தினார். பிறகு நெடுநேரம் எதையோ தட்டினார். விரல்கள் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். திரையில் ஓர் எழுத்தும் இல்லை. தட்டியதை அழித்துவிட்டு, "பிழை இருக்கு," என்றார்.

அரை மணி நேரத்தில் திருத்தம் முடிந்தது. ஷெல்லில் மூன்றே வரி. பிழை கண்டவர் என்ற இடத்தில் சம்பந்தியின் பெயரை முழுப் பட்டங்களோடு எழுதி, புகாரை நான்காவது முறை மூடினார். கண் மருத்துவர் வரியையும் நீக்கினார். சம்பந்தி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அலமாரிக் கதவை ஒருமுறை திறந்து பார்த்தார். அது கையோடு வந்தது.

இருட்டுத் திரையில் ஷெல்காரர் தட்டியது சம்பந்திக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் என்று இரண்டு வீட்டிலும் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. அவர் தட்டியது ஒன்று முதல் நூறு வரையிலான எண்கள்.