அப்பாவை இறக்கிவிட்ட நிறுத்தம்

சந்தைக்குப் போகிற நாட்களில் அப்பா வேண்டுமென்றே மூத்த மகள் ஓட்டுகிற பஸ்ஸுக்காகக் காத்திருப்பார். அதற்கு முன்னால் வேறு பஸ் வந்து நின்றால், "நீ போ, நீ போ" என்று கையை ஆட்டி அனுப்பிவிடுவார். அவள் பஸ் வந்ததும் முன்பின் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பாஸை நீட்டுவார். வேலையில் இருக்கும் மகளிடம் நின்று பேசக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம் முன் இருக்கை வரைக்கும்தான். உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவரிடம், "ஓட்டுறது என் பொண்ணு" என்று, பிழைக்க வந்த அந்த நாட்டுப் பாஷையில் ஆரம்பித்துவிடுவார். டிரைவர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மூத்தவளுக்குக் காது சூடாகும்.

அப்பா அந்த நாட்டுக்கு மீசை அரும்பிய வயதில் வந்தவர். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் ஹோட்டல் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டே ஆயுளில் பாதி போயிற்று. இரண்டு பெண்களும் அங்கேயே பிறந்தார்கள். இளையவள் கல்யாணமாகி வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். மூத்தவள் பஸ் ஓட்டினாள். "போக்குவரத்துத் துறையில இருக்கா" என்று அம்மா நாசூக்காகச் சொல்லிப் பார்த்தும், வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் துறையை விசாரித்துவிட்டு நழுவிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய வண்டியைத் தன் பெண் வளைத்துத் திருப்புவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில். பஸ்ஸில் பாதிக்கு மேல் கூட்டம். அப்பாவின் பக்கத்து இருக்கையில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பெருமை பேச வழியில்லை. குழந்தை வண்டி நிறுத்துகிற இடத்தில் தன் சக்கரப் பையை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் குழந்தை வண்டியோடு ஏறினாள். எங்கோ நடந்த சண்டையில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் கொஞ்ச காலமாக அந்தப் பக்கத்துத் தெருக்களில் குடியிருந்தார்கள், அவர்களில் ஒருத்தி. தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, தன் பாஷையில் சத்தமாகப் பேசியபடியே வண்டியை உள்ளே தள்ளினாள். அப்பாவின் பையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கையால் கேட்டாள். அப்பா நகர்த்தவில்லை. அவள் வண்டியை ஒருக்களித்து நுழைக்கப் பார்த்தாள். சக்கரம் அவர் காலில் ஏறியது.

மூத்தவள் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைச் சாலைக்கு எடுக்கும்போது அந்தக் குரல் கேட்டது.

"எங்க நாட்டுக்குள்ள வந்து எங்க இடத்தையும் புடுங்குறீங்களா? போங்க, உங்க ஊருக்கே திரும்பிப் போங்க!"

அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதில்லை. அந்த வழித்தடத்தில் எப்போதாவது ஒருவன் கத்துவான். டிரைவர்களுக்கான பயிற்சியில் அதற்கென்று ஒரு வகுப்பே உண்டு. முதலில் கண்ணாடியில் பார், யார் என்று தெரிந்துகொள். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து மறுபடியும் பார்த்தாள்.

அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். விரல் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. சாம்பல் சட்டை, அவர் சட்டைதான். காலையில் அம்மா பொத்தான் தைத்துக் கொடுத்தது.

மூத்தவளுக்குப் பிரேக்கை மிதித்திருக்கிறோமா இல்லையா என்றே ஒரு கணம் தெரியவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது இதே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருக்கிறாள். ஓடுகிற காரிலிருந்து ஒருவன் இதே வார்த்தைகளைக் கத்திக் காகிதக் கோப்பையை வீசிவிட்டுப் போனான். அப்பா குந்தி உட்கார்ந்து அவள் கவுனைத் துடைத்துவிட்டு, "அவன் வேற யாரையோ சொல்றாம்மா" என்றார். அந்த வேறு யாரோ எங்கே என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவளை உலுக்கியது அதற்கு அடுத்து நடந்ததுதான். பின் இருக்கையிலிருந்து, உடுப்பெல்லாம் பெயின்ட் கறையோடு இருந்த ஓர் ஆள் எழுந்து வந்தான். அந்த நாட்டு ஆள். அப்பாவின் தோளில் கையைப் போட்டான்.

"சரியாச் சொன்னீங்க பெரியவரே! உங்கள மாதிரி ஆளுங்கதான் இந்த நாட்டுக்கு வேணும்."

அப்பா சிரித்தார். வெட்கமும் பூரிப்பும் கலந்து, பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடப்பட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல ஒரு சிரிப்பு. அவள் பிறந்தபோதுகூட அப்படிச் சிரித்திருப்பாரா தெரியாது. திட்டியதைக்கூட ஏதோ வெயில், கால் வலி என்று சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். அந்தச் சிரிப்பை அவளால் எதிலும் சேர்க்க முடியவில்லை.

அந்தப் பெண் ஃபோனை அணைத்துவிட்டாள். குனிந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதைக் கையால் மூடினாள். மற்றவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் மூத்தவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கதவுகளைத் திறந்துவிட்டு, டிரைவர் அறையிலிருந்து வெளியே வந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் வாயில் வந்தது. அந்த நாட்டுப் பாஷையில், யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சக பயணிய அவமானப்படுத்துறவங்க இந்த பஸ்ல வர முடியாது. தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

குழந்தை வண்டியின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, அந்தப் பெண் வாசலை நோக்கித் திரும்பினாள்.

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. இறங்கச் சொன்னால் அது தன்னைத்தான் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். "கேட்டுச்சுல்ல, சீக்கிரம்" என்று பெயின்ட்காரன் வழிவிட்டு நின்றான்.

"நீங்க இல்ல!" என்று மூத்தவள் கத்தியே விட்டாள். பிறகு தமிழில், குரல் உடைந்து, "அப்பா, உங்களத்தான். இறங்குங்க" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"இறங்குங்கப்பா."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சதுனாலதான்பா வாய் நடுங்குது. இறங்குங்க."

பெயின்ட்காரன் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டான். "இது என்ன பாஷை? இங்க இருக்கும்போது எங்க பாஷை பேசுங்க" என்று முணுமுணுத்தபடி தன் இடத்துக்குப் போனான். அப்பாவின் காதில் அது விழுந்தது. இருந்த முகம் அப்படியே இருக்க, அதற்குள்ளிருந்து ஆள் மட்டும் போய்விட்டது போலிருந்தது. சக்கரப் பையை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் பின்னாலேயே குழந்தை வண்டியும் இறங்கப் போயிற்று. மூத்தவள் கைகாட்டித் தடுத்தாள். "நீங்க இருங்க. நீங்க எதுக்கு இறங்கணும்?"

அந்தப் பெண் திக்கித் திக்கி அந்த நாட்டுப் பாஷையில் வார்த்தைகளைத் தேடினாள். "பெரியவர். வெயில். தனியா," என்றாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூத்தவள் டிரைவர் அறைக்குத் திரும்பினாள். பின்னால் யாரோ நேரமாகிறது என்றார்கள். வண்டியை எடுத்துத்தானே ஆகவேண்டும்? பக்கக் கண்ணாடியில் நிழற்குடையும், அதன் கீழே இரண்டு உருவங்களும் சிறுத்துக்கொண்டே போயின.

ஒருவரை இறக்கிவிட்டால் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"வயசானவர். சாம்பல் சட்டை."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ஆமா," என்றாள். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். ஃபோன் டெப்போவில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

வீட்டுக் கதவை அவள் தட்டுவதற்குள் அம்மா திறந்தாள்.

"பெத்த அப்பன நடுரோட்டுல இறக்கி விட்டியாமே? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடி?"

"என்ன செஞ்சார்னு சொன்னாராம்மா?"

"சொன்னாரு." அம்மாவின் குரல் இறங்கியது. "அதத்தான் என்னால நம்ப முடியல. இந்த மனுஷனா? சாயங்காலத்துலேருந்து அந்த மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கேன், யாரோ மாதிரி இருக்கு."

அப்பா சமையலறையில், சந்தைக்கே போகாமல் திரும்பி வந்த காலிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தவள் எதிரே உட்கார்ந்தாள். அவர் மேசையைப் பார்த்தே பேசினார்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலம்மா," என்றார். "எத்தன தடவ வாங்கியிருக்கேன் அந்தப் பேச்ச. சலவைக்கூடத்துல, கடையில, ரோட்டுல. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு போல. வாயத் திறந்தா அதுதான் வருது."

"அந்த ஆள் தட்டிக் கொடுத்தப்போ சிரிச்சீங்களேப்பா."

அவர் நிமிரவில்லை. "இத்தன வருஷத்துல இந்த ஊர்க்காரன் எவனும் என் தோள்ல கை போட்டதில்லம்மா. அது என்ன சொன்னதுக்குப் போட்டான்னுகூட அந்த நேரத்துல ஓடல. நல்லா இருந்துச்சு. அதச் சொல்லவே கூசுது."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அந்தப் பொண்ணு ஏன்பா இறங்குனா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? அடிக்கத்தான் வர்றான்னு நினைச்சேன். ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தா. தண்ணி பாட்டில நீட்டுனா. வேணாம்னேன். வெயில்ல தலை சுத்துச்சு, வாங்கிக் குடிச்சேன். அப்புறம், டிரைவர் உங்க மகளான்னு கேட்டா. ஆமான்னேன். 'அழுறா. அழுதுட்டு ஓட்டக் கூடாது. ஃபோன் பண்ணுங்க'ன்னா. நான் பண்ணேன், நீ எடுக்கல. திரும்பப் பண்ணச் சொன்னா. எதிர்ப்பக்கம் பஸ் வந்ததும் என் பைய அவதான் தூக்கி ஏத்துனா. துணைக்கு அவளும் ஏறுனா. அவளோட வண்டியத் தூக்க ஆளில்ல, நான் ஒரு பக்கம் பிடிச்சேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல." அவர் தலையை ஆட்டினார். "திட்டுனது இந்த ஊர் பாஷையில. அதே பாஷையில எப்படிக் கேக்குறது? அதுல கேட்டா எனக்கே பொய்யாத் தெரியும். அவ பாஷையில கேட்டா தேவல. அது என்ன பாஷைம்மா?"

மூத்தவள் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அந்தத் தெருக்காரர்களை அவள் தினமும் ஏற்றி இறக்குகிறாள். அவர்கள் குழந்தைகள் அழுகிற விதம் தெரியும், எந்த நிறுத்தத்தில் யார் ஓடிவருவார்கள் என்று தெரியும். அவர்கள் பேசுவதற்கு என்ன பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவைக் கூசவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு, பளாரென்று கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

மறுநாள் டெப்போவின் டீ அறையில், மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நெட்டையனிடம் போனாள். கூப்பிடுகிற பெயரும் அதுதான், ஆளும் அப்படித்தான். வாசலில் குனிந்துதான் நுழைவான். அவனும் அந்தத் தெருக்காரர்களின் நாட்டு ஆள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

"உங்க பாஷைக்கு என்ன பேரு?" என்றாள்.

அவன் கையிலிருந்த ரொட்டி நின்றுவிட்டது. "ஏன்? என் மேல யாராவது புகார் குடுத்திருக்காங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்குக் கேக்குறே? இத்தன வருஷமா யாரும் கேட்டதில்ல. திடீர்னு கேட்டா வேற என்ன நினைக்கிறது?"

அவள் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அப்பாவை மறைக்கவில்லை. அவன் சாப்பிடாமல் கேட்டான். "நான் அந்த ஊரே இல்ல," என்றான் முடிவில். "பக்கத்து நாடு. உங்களுக்கெல்லாம் நாங்க ஒண்ணுதான். ஆனா என் பொண்டாட்டி அந்த ஊர்க்காரி. தினமும் அந்த பாஷையில மன்னிப்புக் கேட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே போறேன்." பாஷையின் பெயரைச் சொன்னான். மன்னிப்புக்கான வார்த்தையையும் சொன்னான். தொண்டைக்குள்ளிருந்து வருகிற ஓர் ஒலி அதில் இருந்தது. அவளுக்கு அது சிக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.

அப்பா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கே மனப்பாடமாகிவிட்டது. சந்தை இல்லாத நாட்களிலும் அவர் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்குப் போய் நின்றார். பஸ் எதிலும் ஏறவில்லை. மூத்தவள் கடந்து போகும்போதெல்லாம் இல்லை என்று தலையை மட்டும் அசைப்பார்.

ஒருநாள் அவள் அங்கே நிறுத்தியபோது அந்தப் பெண் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். மூத்தவள் முன்கதவைத் திறந்தாள். அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பெண் திடுக்கிட்டாள். அவர் வாயையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அந்த நாட்டுப் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை திக்கியவள், தன் பாஷையில் அருவி மாதிரிக் கொட்டினாள். குரல் ஏறியது. கை ஆஸ்பத்திரியைக் காட்டியது, குழந்தையைக் காட்டியது, எங்கோ தூரத்தைக் காட்டியது. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைத்துவிட்டு மேலும் திட்டினாள். திட்டுதான், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அப்பா பதில் சொல்லவில்லை, நகரவும் இல்லை. முடியும்வரை நின்று கேட்டார்.

பிறகு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மூத்தவளிடம் பாஸைக் காட்டி, லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா கடைசியாக ஏறினார்.

"என்னப்பா சொன்னா?" என்று மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் புரியலம்மா," என்றார். பாஸை எடுத்து நீட்டினார். "எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ வண்டிய எடு."