கட்டிலுக்கு இடப்பக்கம்

நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பதுதான் என் பிழைப்பு. வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் சேவை மையத்தில் எனக்கு வேலை. தண்ணீர் ஒழுகுகிறது, டிரம் சுற்றவில்லை, வந்த மெக்கானிக் வந்த வேகத்தில் போய்விட்டான் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களிடம் எல்லாம், "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று தேன் தடவிச் சொல்ல வேண்டும். கொடுமை என்னவென்றால், என் வீட்டில் என் புகாரைப் பதிவு செய்ய ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது.

இத்தனைக்கும் என் புகார் ஒன்றே ஒன்றுதான். எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. வலது காது பாம்புச் செவி. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அந்த வீட்டம்மாவே என்னிடம்தான் கேட்பார். ஆனால் வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்துவிட்டேனானால் போச்சு, தலைமேல் இடி விழுந்தாலும் தெரியாது. கல்யாணமான புதிதில் இவருடைய குறட்டைக்கு அதுதான் மருந்தாக இருந்தது. இவரும் லேசுப்பட்டவர் இல்லை. என்னைப் பற்றி முனக வேண்டியதை எல்லாம் என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டுதான் முனகுவார்.

இப்போது எனக்கு நிறைமாதம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடப்பதால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். தையல் ஆறுகிறவரை எழுந்து, குனிந்து, தூக்க முடியாது. பிள்ளையை எங்கள் படுக்கையில் போட்டுக்கொள்ளவும் கூடாதாம், தூக்கத்தில் அமுக்கிவிடுவோம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். தனிப் படுக்கை, ஆனால் கைக்கு எட்டும் தூரம். அதாவது பெரிய கட்டிலோடு ஒட்டிப் போடுகிற குட்டிக்கட்டில்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமானாலும் எவனாவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியவர். அப்படி இவர் போயிருக்கும்போது, நான் கேட்கிற காதைப் பொத்திக்கொண்டு மரக்கட்டைமாதிரி தூங்க, பக்கத்தில் பிள்ளை அழுது அழுது ஓய்ந்துபோனால்? இந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால்தான் சொன்னேன், குட்டிக்கட்டில் எனக்கு இடப்பக்கம் இருக்கட்டும் என்று. பிள்ளையைப் பார்த்து இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தால், வலது காது மேலே இருக்கும். ஒரு முக்கல் முனகல் என்றாலும் கேட்டுவிடும். இதைச் சொன்னேன், சொன்னேன், வாய் வலிக்கச் சொன்னேன். இவரும் தலையாட்டினார். இவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன?

முதலில் வந்து குதித்தது என் நாத்தனார். இவருக்கு அக்கா, பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எந்த விஷயமானாலும் அதற்கு ஒரு அலங்காரம் செய்யாமல் விடமாட்டாள். பரணில் கிடந்த பழைய தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, என் பிள்ளைகள் ரெண்டும் இதில்தான் வளர்ந்தது, ராசியான தொட்டில், காசைக் கரியாக்காதீர்கள் என்றாள். கம்பிகளுக்கு நடுவே என் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. பக்கத்துச் சட்டம் ஏற்றி இறக்குகிற வகை. இவர் அதைப் பிடித்து லேசாக ஆட்டியதும் சரேலென்று இறங்கி இவர் விரலைக் கவ்வியது. இவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். ராசி இருக்கட்டும் அக்கா, இதற்குக் கொக்கி எங்கே என்று நான் கேட்டேன். அதற்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். முகம் இறங்க ஒரு வாரம் ஆனது.

பிறகு கடை. கடை விற்பனையாளர் எங்களை நேராக ஒரு தேர்முன் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே வலைத் திரை, சுற்றிலும் பட்டு மெத்தைகள், உள்ளே நாலு தலையணை, ஒரு கரடி பொம்மை. சக்கரத்துக்குப் பூட்டு உண்டா என்றேன். ரோஸ் கலரிலும் இருக்கிறது மேடம் என்றார். பெரிய கட்டிலோடு சேர்த்துக் கட்ட வார் உண்டா என்றேன். பாட்டும் பாடும் மேடம் என்று ஒரு பொத்தானை அமுக்கினார். அது பாடியது. நாத்தனார் சொக்கிப்போய் நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நானே கடைக்குள் தேடப் புறப்பட்டேன்.

மூலையில், யாரும் சீந்தாமல், ஒன்று இருந்தது. மூன்று பக்கம்தான் தடுப்பு. நாலாவது பக்கம் எங்கள் கட்டிலைப் பார்த்துத் திறந்திருக்கும். கால்களை ஏற்றி இறக்கி உயரம் சரிசெய்யலாம். கட்டிலோடு இறுக்கிக் கட்ட இரண்டு கெட்டி வார். மெத்தையை முஷ்டியால் அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே விரல் நுழையவில்லை. இதுதான் என்றேன். ஆஸ்பத்திரி சாமான்மாதிரி மொட்டையாக இருக்கிறதே என்று நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். விடுவாளா? அந்தக் கரடியையும் சுற்றிவைக்கிற குட்டி மெத்தைகளையும் தனியாக வாங்கி உள்ளே அடுக்கிவிட்டாள். பிள்ளை தலையை இடித்துக்கொள்ளுமாம். இடித்தால் அழும் அக்கா, மூக்கில் மெத்தை அமுங்கினால் அழக்கூட முடியாது என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி ஒரு வாரம்.

இவருக்கு வார விடுமுறை நாள். எனக்குக் காலை ஷிஃப்ட். நீ வேலைக்குப் போய்விட்டு வா, நான் எல்லாம் கச்சிதமாகப் போட்டுவைக்கிறேன் என்றார். நம்பிப் போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தால், படுக்கையறை வாசலில் அக்காவும் தம்பியும் பரிசு வாங்கப்போகிற பிள்ளைகள்மாதிரி நிற்கிறார்கள்.

நடுவில் இருந்த கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளி, அசையாமல் இருக்கச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டிருந்தார். மறுபக்கம் குட்டிக்கட்டில். வார் இரண்டும் விண்ணென்று இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே இவருடைய டூல் பேக் படுத்திருந்தது. லிஃப்டுக்குள் எடைக்கல் ஏற்றிப் பார்க்காமல் ஆளை ஏற்றமாட்டார்களாம், அந்தச் சோதனையாம். காலையிலிருந்து டூல் பேக் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நாத்தனார் பெருமைப்பட்டாள். இவர் ரசமட்டத்தை இரண்டு மெத்தைக்கும் குறுக்கே வைத்து, பார், குமிழி நடுவில் நிற்கிறது, ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை என்று காட்டினார்.

நான் போய்ப் படுத்தேன். என் மெத்தை பொதுக்கென்று அமுங்கியது. குட்டிக்கட்டில் என் தோளுக்கு மேலே படிக்கட்டுமாதிரி நின்றது. ஆள் ஏறினால் லிஃப்ட் இறங்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன், பெண்டாட்டி படுத்தால் மெத்தை இறங்கும் என்று யோசிக்கவில்லை. இவர் தலையைச் சொறிந்தார். கால் ஒரு துளை இறக்கினால் சரியாகிவிடும் என்றார். சரி, இதெல்லாம் ஒரு குற்றமா என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு பிள்ளை கிடக்கப்போகிற பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். நாத்தனாரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. என் வலது காது தலையணைக்குள் இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எந்தப் பக்கம்னு சொன்னேன்?"

"இடப்பக்கம். இடப்பக்கம்தானே போட்டிருக்கேன்?" என்றார் இவர். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, இடது கையை நீட்டிக் குட்டிக்கட்டிலைக் காட்டினார்.

லிஃப்டுக்கு முன்னால் வெளியே நிற்கிறவனுக்கு எது இடதோ அதுதான் இவர்கள் வேலையில் இடது. உள்ளே நிற்கிறவனைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை? கட்டிலையும் லிஃப்டாக நினைத்து, எதிரே நின்று இடது பார்த்து, சுவரில் போல்ட்டும் போட்டாயிற்று. படுத்திருக்கிற எனக்கு அது வலது என்று இந்த மண்டைக்கு ஏறவே இல்லை. சரி, கழற்றி மறுபக்கம் தள்ளலாம் என்றால், அந்தச் சுவரில்தான் குளியலறைக் கதவு. கட்டிலை ஒட்டினால் கதவு திறக்காது. நடுவில் போட்டாலோ எந்தப் பக்கமும் குட்டிக்கட்டிலுக்கு இடம் பத்தாது.

அப்புறம் ஆரம்பித்தார்கள் யோசனை சொல்ல. தலையணைக்கு அடியில் அதிருகிற மாதிரி ஒரு மணி வைக்கலாமா என்றார் இவர், லிஃப்டில் அலாரம் வைக்கிறமாதிரி. மல்லாந்து படுத்துப் பழகு என்றாள் நாத்தனார். டாக்டரம்மா என்னை இடப்பக்கம் ஒருக்களித்தே படு என்கிறார், இவள் மல்லாத்தப் பார்க்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவள், இதுக்கெல்லாம் ஏன் பயப்படுறே, பெத்தவளுக்குப் பிள்ளை அழுதா தூக்கத்துலகூடத் தானா கேட்கும் என்று சொன்னாள் பாருங்கள், எனக்கு அடக்க முடியவில்லை.

"கேக்காத காதுக்குப் பாசம் வந்தா கேக்குமா அக்கா? அவர் வெளிய போயிருக்கிற நேரத்துல பிள்ளை அழுது, எனக்குக் கேக்காம போயிட்டா, நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்லரில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. இவர் முகத்தைப் பார்த்தால் இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுவேன் என்று, தலையணையைப் பிடுங்கிக் கால்மாட்டில் எறிந்து, அங்கே தலையை வைத்து, டாக்டரம்மா சொன்னபடி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இருந்த களைப்பில் உடம்பு அப்படியே கட்டிலோடு ஒட்டிக்கொண்டது.

இவர் தரையில் மண்டிபோட்டு, டூல் பேக்கை எடுத்து வைத்துவிட்டு, குட்டிக்கட்டிலின் காலை ஒரு துளை இறக்க ஆரம்பித்தார். நான் குட்டிக்கட்டில் பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பினால் எனக்கு ஒன்றும் கேட்காது என்பதுதானே இவ்வளவு நேரம் போட்ட சண்டை. அந்தத் தைரியத்தில், வழக்கம்போல, முனகத் தொடங்கினார். என்னிடம் இல்லை. அந்தக் காலிக் கட்டிலிடம்.

"இந்தா பாரு. உங்கப்பன் ஒரு மடையன், மாத்திப் போட்டுட்டேன். அம்மாவைக் கோச்சுக்காதே. அவளுக்குக் கேக்கலைன்னா விடாதே, நல்லாக் கத்து. நான் இல்லாதப்போ இன்னும் சத்தமாக் கத்து. காலால உதை. அவளை எழுப்பாம ஓஞ்சிடாதே, என்ன?"

மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் சத்தம் இருக்கும். கடைசி வார்த்தையில் குரல் வேறு கம்மிப்போனது.

நான் கண்ணைத் திறந்தேன். எதிரே, என் முழங்காலுக்கு நேராக, குட்டிக்கட்டில் இருந்தது. கன்னத்துக்கு அடியில் இருந்தது கேட்காத காது. கேட்கிற காது மேலே, மின்விசிறியின் கிறீச் உட்பட எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு திறந்து கிடந்தது. தலையைக் கால்மாட்டுக்குக் கொண்டுவந்த உடனே, கால்மாட்டில் நிற்கிற இவருடைய இடதும் என்னுடைய இடதும் ஒன்றாகிவிட்டிருந்தது. போல்ட்டைக் கழற்ற வேண்டாம், கதவை இடிக்க வேண்டாம். குட்டிக்கட்டிலின் வாரை அவிழ்த்து என் தலைப்பக்கமாக நகர்த்தினால் போதும். இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு தலையணைதான் குறுக்கே இருந்திருக்கிறது.

"கத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். "மெதுவா அழுதாலே போதும். எனக்குக் கேக்குது."

இவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அதுவும் கேட்டது.