ஆபீசருக்குப் போட்ட பாலம்

பாலத்தைப் பார்த்ததும் மேனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடைக்குக் குறுக்கே மூன்று சில்வர் ஓக் மரங்களைக் கிடத்தி, மேலே பலகை அடித்து, பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருந்தார்கள். போதாததற்கு இரண்டு முனையிலும் செவ்வந்தி மாலை வேறு. நேற்று ஸ்கேன் எடுக்கக் கொடைக்கானலுக்கு அவள் கிளம்பியபோது இந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் ஓடியது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுச் சின்னம்மா வீட்டில் தங்கி, வெள்ளனே புறப்பட்டு வருவதற்குள் ஊரே சேர்ந்து இந்தக் கூத்தை அடித்திருக்கிறது.

அக்கரையில் மாமனார் சின்னச்சாமி வாயெல்லாம் பல்லாக நின்றார். "வா தாயி, மேலயே நடந்து வா. ஆபீசருக்கு முன்னாடி நம்ம வீட்டு வாரிசு நடக்கட்டும்."

"யாரு மாமா இதப் போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? திண்டுக்கல்லுல இருந்து அம்மாம் பெரிய மனுசர் வர்றாரு. அவர முழங்கால் தண்ணியில இறக்கி விட்டா ஊருக்கு மரியாதையா?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்திலேயே ஓடைக்குள் இறங்கிவிட்டாள். எட்டு மாத வயிறு. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். புருஷன் மனோஜ்குமார் ஓடிவந்து கையைப் பிடித்தான். அதையும் உதறிவிட்டுக் கரை ஏறினாள்.

பின்னே கோபம் வராதா? இந்த ஓடைக்குப் பாலம் கட்டி முடித்தாயிற்று, ஜனங்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி அந்தக் கரையோடு நின்றுவிடும். மழை வலுத்தால் தண்ணீர் இடுப்புக்கு ஏறும். போன வருஷம் பக்கத்து வீட்டு சுகன்யா வலியோடு இந்தக் கரையில் தண்ணீர் வடியக் காத்துக் கிடந்து, பிள்ளையைப் பறிகொடுத்தாள். மேனகாவுக்குக் கார்த்திகையில் நாள். கிராம சபையில் கேட்டாள், ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினாள். அவர் பஞ்சாயத்திடம் விளக்கம் கேட்க, பாலம் இருக்கிறது என்று அங்கிருந்து பதில் போனது. சரி, நானே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார் மனுஷன்.

ஆக, இன்றைக்கு அவர் கண்ணில் பாலம் படக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தப் பாலத்துக்குத்தான் இவர்கள் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

குறைதீர்ப்பாளர் ஜெயச்சந்திரன் ஜீப்பிலிருந்து இறங்கினார். மெலிந்த, வயதான ஆள். கையில் குடை. கூட வந்த எழுத்தர் பைலோடு ஜீப் பக்கமே நின்றுகொண்டார். பஞ்சாயத்துத் தலைவர் குமாரவேல் பாலத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "பாருங்க சார், நான் சொல்லலையா?" என்று வெள்ளை வேட்டியைப் பிடித்தபடி முன்னால் நடந்தார்.

பாலத்தின் மேல் நடந்து இந்தக் கரைக்கு வந்ததும் ஜெயச்சந்திரன் ஊராரைப் பார்த்துக் கேட்டார். "இது பஞ்சாயத்து கட்டினதா?"

சின்னச்சாமி தலைவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எல்லாம் நம்ம பாலந்தாங்க" என்று மழுப்பினார். வெளியாள் முன்னால் தலைவரை விட்டுக்கொடுக்கக் கூடாதாம். இந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நேத்து போட்டது சார்" என்றாள் மேனகா. "இந்தா, என் வீட்டுக்காரர் கையில கொப்புளம் கூட இன்னும் ஆறல. நீங்க வர்றீங்கன்னு போட்டாங்க."

ஜெயச்சந்திரன் குடையைத் தரையில் ஊன்றினார். "ஏன்யா, பாலம் இல்லைன்னு புகார் குடுத்துட்டு, நான் வர்ற அன்னைக்குப் பாலம் போடுவீங்களா? நீங்க போட்டதுன்னு வேணா எழுதிக்கலாம். கடக்க வழியில்லைன்னு எப்படி எழுதுறது? நானே நடந்து வந்துட்டேனே. இதச் சாக்கா வச்சு உங்க மனுவ ஓரங்கட்டிருவாங்க."

"நீங்க நனைஞ்சிரக் கூடாதுல்லங்க" என்றார் சின்னச்சாமி, பரிதாபமாக.

மேனகாவுக்குப் பொறுமை போயே போய்விட்டது. "பிரிச்சிருங்க" என்றாள்.

"எத தாயி?"

"பாலத்தத்தான். இப்பவே. சார் திரும்பிப் போகணும்ல? நான் போற மாதிரியே போகட்டும்."

சின்னச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயச்சந்திரன் தண்ணீரைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். "பிரிங்கப்பா, வெரசா."

"சார், நான் முன்னாடி போயி வண்டியத் திருப்பச் சொல்றேன்" என்று தலைவர் பலகையில் ஒரு காலை வைத்தார்.

"நீங்களும் எங்கூடத்தான் வர்றீங்க."

ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, மரங்களைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். இரண்டு பேரும் இறங்கினார்கள். பாதி ஓடையில் இழுப்பு அதிகம். தலைவரின் வேட்டி காலைச் சுற்றிக்கொள்ள, அவர் ஜெயச்சந்திரன் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜெயச்சந்திரன் அங்கேயே நின்றுவிட்டார்.

"சொல்லுங்க தலைவரே. பஞ்சாயத்து கட்டின பாலம் இருக்கா?"

"கரைக்குப் போயிப் பேசலாமே சார்."

"விசாரணை இங்கதான்."

குளிர்ந்த தண்ணீரில் தலைவருக்குத் தாடை ஆடியது. "இல்லைங்க."

"கரையில எழுதுறவருக்குக் கேக்கல."

"பாலம் இல்லைங்க சார்!"

எழுத்தர் எழுதிக்கொண்டார். அந்தக் கரை ஏறியதும் ஜெயச்சந்திரன் திரும்பி நின்று மேனகாவிடம் உரக்கச் சொன்னார். "உத்தரவு போட்டுர்றேன்மா. பொய் சொல்ல விரும்பல, வேலை முடிய எப்படியும் தை ஆயிரும்."

ஜீப் போய்விட்டது. தை! அவளுக்குக் கார்த்திகை. ஜெயித்தும் புண்ணியமில்லை என்று அவள் நின்றுகொண்டிருக்க, சின்னச்சாமி தலைத்துண்டை உதறினார்.

"ஏலே, மரத்தத் தூக்குங்கடா. விறகுக்காவது ஆகும். ஆபீசர்தான் போயிட்டாரே."

மனோஜ்குமார் ஒரு மரத்தின் நுனியைத் தூக்கினான். மேனகா அவனையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே நாள்ல போட்டீங்களே மாமா. மாசக்கணக்கா இந்த வயித்தோட இதுல இறங்கி ஏறுறேன். எனக்குப் போடணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?"

சின்னச்சாமிக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ நம்ம வீட்டு ஆளுதானே தாயி" என்றார்.

மேனகா போய் அந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மனோஜ்குமார் நுனியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவிழ்த்துப் போட்ட கயிற்றைத் தேடினான்.