சோதிக்காத பெட்டி

ரப்பர் நீச்சலுடையின் கைக்குள்ளிருந்து எலி மணலில் விழுந்தது. வயிறு உப்பியிருந்தது. ஹினேவாய் பெட்டி மூடியை அதன்மேல் கவிழ்ப்பதற்குள் கரையோரப் புதருக்குள் ஓடிவிட்டது.

அவள் முழங்காலிட்டுப் புதருக்குள் நுழைந்தாள். நீண்ட இலைகளின் விளிம்பு கையைக் கிழித்தது.

"என்னடி தேடுற? கம்மல் விழுந்துடுச்சா?" படகோட்டி பரத்தேனே, அவள் மாமா, சிரித்தார்.

"எலி, மாமா. நம்ம பெட்டியில இருந்து. சினையா இருக்கு."

அவர் சிரிப்பு நின்றது.

காலையில் தீவுக்குக் கிளம்புமுன் துறையில், கதவைச் சாத்திய அறையில், பயணிகளின் ஒவ்வொரு பையையும் அவர்கள் இருவரும்தான் கொட்டிப் பார்த்தார்கள். செருப்பின் அடியைக்கூடத் தேய்த்தார்கள். "எலி இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அதுக்கும் டிக்கெட் போடணும்" என்று மாமா வழக்கம்போல எல்லோரையும் சிரிக்க வைத்தார். நீச்சலுடைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அது வீட்டுக் கொட்டகையில் கிடந்த பெட்டி. சொந்தப் பெட்டியைச் சோதிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

இந்தத் தீவில் எலிகளை ஒழிக்கப் பல வருடங்கள் ஆயின. அதன் பிறகுதான் தியெகே என்னும் அரிய பறவைகளை வேறு தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஹினேவாய். அவை தரையை ஒட்டிய பொந்துகளில் முட்டையிடும். எலியைக் கண்டு பயப்படவும் தெரியாதவை.

"பல்லியா இருக்கும்" என்றார் மாமா.

"மாமா."

"சொன்னா தீவுக்கு ஆள் கூட்டிவர்ற அனுமதி போயிடும். படகு போயிடும். உங்க அத்தைக்கு நான் என்ன சொல்ல? நாளைக்கு நானே பொறி கொண்டுவந்து வைக்கிறேன். நமக்குள்ள இருக்கட்டும்டி, கெஞ்சிக் கேக்கறேன்."

"ராத்திரியே குட்டி போட்டுட்டா?"

தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த பயணிகளில் ஒரு பெண் நீச்சல் முகமூடியைத் தூக்கினாள். "நீலமா பெரிய மீன்! வந்து பாருங்க!"

மாமா பழக்கத்தில் கையசைத்தார்.

ஹினேவாய் ரேடியோவை எடுத்தாள். விரல் ரத்தத்தில் வழுக்கியது. காட்டிலாகா அதிகாரி எந்தப் படகு என்று கேட்டார். சொன்னாள். மாமா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரையும் உடனே ஏத்தி அனுப்பு" என்றார் அதிகாரி. " காத்து ஏறுது, மோப்ப நாய் நாளைக்கு மதியம்தான் வர முடியும். நீ அங்கயே இரு. நம்ம இலாகா குடிசையில பொறி இருக்கு. இருக்கறத வை."

புறப்படும்போது மாமா சாப்பாட்டுப் பையிலிருந்த கடலை வெண்ணெய் டப்பாவை அவள் கையில் திணித்தார். "எலிக்கு இதுதான் புடிக்கும்." அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குடிசையில் ஆறு பொறிகள் இருந்தன. இரண்டு துருப்பிடித்து மூட மறுத்தன. மற்ற நான்கையும் புதரைச் சுற்றி வைத்தாள். மலை முழுக்கப் புதர்தான்.

வெளிச்சம் குறைந்தது. புதருக்கு மிக அருகில் இருந்த தியெகேப் பொந்தின் முன், கையில் ஒரு தடியோடு உட்கார்ந்தாள். உள்ளே குஞ்சுகள் இரைக்குக் கத்தின.

"சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தாள். "தயவுசெஞ்சு."

அவை இன்னும் பலமாகக் கத்தின.