சார்ஜ் ஏறாத நாலு நாள்

மைசூருக்குக் கரண்டு வந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக மின் நிலையத்தில் இருப்பவர் யக்ஞநாராயணன். போன மாசம்தான் கொள்ளேகாலிலிருந்து வந்த ரத்தினசாமியிடம் நிலையத்தின் வெள்ளைக்கார துரை இடிதாங்கியை ஒப்படைத்தபோது அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. "இவன் கைதான் கை" என்று நாலு பேர் முன்னால் வேறு சொன்னார் துரை. அப்புறம் சோறு இறங்குமா?

இடிதாங்கி என்பது எண்ணெய்த் தொட்டிக்குள் அடுக்கிய அலுமினியத் தட்டுகள். கம்பியில் இடி விழுந்தால் அந்த வேகத்தைப் பூமிக்குள் தள்ளி டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றும். தினமும் ஒருவர் பிடியை இழுத்துச் சில விநாடி சார்ஜ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தட்டின் மேலுள்ள மெல்லிய படலம் கரைந்துவிடும். கரைந்தபின் இழுத்தாலோ, எண்ணெய் கொதித்து இழுத்தவன் முகத்தில் அடிக்கும்.

ரத்தினசாமி தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பினான். "ஏனுங்க சாமி, நாலு நாளைக்கு நீங்கதான் பாத்துக்கோணும். உங்கள விட்டா எனக்கு ஆருங்க?" என்று கும்பிட்டான். அந்தக் கும்பிடும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நாலு நாளும் அவர் பிடியைத் தொடவில்லை. சித்திரை மழை வரட்டும், ஓர் இடியில் தொட்டி புகையட்டும். நான் ஒழுங்காக இழுத்தேன், அவன் பராமரித்த லட்சணம் இது என்று சொல்லிவிடலாம்.

ஐந்தாம் நாள் காலை சாமுண்டி மலைப் பக்கம் வானம் கருத்திருந்தது. ஊரிலிருந்து வந்த ரத்தினசாமி பையைக்கூட இறக்காமல் நேரே பிடியிடம் போனான்.

யக்ஞநாராயணனுக்குப் பகீரென்றது. இடியை நினைத்தாரே ஒழிய, இவன் முகத்தை நினைக்கவில்லை, பாவி மனுஷன்! தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். வாசலில் துரை நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் ரத்தினசாமி சொல்லாமல் விடுவானா? பதினோரு வருஷ வேலை போகும்.

ரத்தினசாமி பிடியைப் பற்றினான்.

"டேய், தொடாதேடா! நான் ஒரு நாள்கூட சார்ஜ் ஏத்தலை!"

ரத்தினசாமி கையை எடுத்தான். அவரையே பார்த்தான். துரை ஓடிவந்து என்னவென்று கேட்டார்.

தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் ரத்தினசாமி சொன்னான்: எண்ணெய் கெட்டிருக்கிறது, ஐயர்தான் கண்டுபிடித்துத் தடுத்தார், முதலில் தொட்டிக்கு வரும் லைனைக் கழற்ற வேண்டும்.

துரை யக்ஞநாராயணனின் தோளைத் தட்டி, "குட் மேன்!" என்றார். பதினோரு வருஷமாக அவர் ஏங்கிய வார்த்தை.

"மழ வாரதுக்குள்ள லைனக் கழட்டிரலாம், வாங்க சாமி" என்று ரத்தினசாமி முன்னால் நடந்தான். குரலில் ஒரு குத்தல் இல்லை. ஒரு நொடியில் இப்படி மன்னிக்க அவனுக்கு எப்படி வந்தது? தனக்கு ஏன் வரவில்லை? பின்னால் நடந்த யக்ஞநாராயணனுக்கு வயிறு முன்னைவிட எரிந்தது.